தண்ணீர் குடிக்கச் சொன்ன மதியம்

ஒருவர் பேசிவிட்டு எழுந்து போனதும் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். கொஞ்ச நேரம் அது சுவரைப் பார்க்கட்டும். அதுவரை அடுத்தவரை உள்ளே கூப்பிடாதீர்கள். நேரம் வீணாகிறது என்று மேலே இருப்பவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். வரிசை வராண்டாவைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது என்பார்கள். போகட்டும். செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த அத்தனை வருடமும் இதற்காக என்னை ‘நாற்காலி மேடம்’ என்று கேலி செய்தார்கள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான். அதைத் திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இல்லை.

மனநல ஆலோசகராக இப்போதுதான் நுழைந்திருக்கிறீர்கள். கையில் சான்றிதழ், தோளில் பை, நெஞ்சில் ஊரையே தேற்றிவிடலாம் என்ற துடிப்பு. எனக்கும் இருந்தது. ஆரம்பத்தில் மூச்சுவிடாமல் ஆள் பார்த்தேன். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் அழுது முடித்து எழுந்து போன சூட்டோடு, பரீட்சை பயத்தோடு வந்த ஒரு கல்லூரி மாணவியிடம், “அவர் போய் எத்தனை மாசம் ஆச்சும்மா?” என்று கேட்டேன். அந்தப் பெண் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “யாரு மேடம்?” என்றாள். நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. தச்சர் முந்தைய வீட்டுக் கதவின் அளவை இந்த வீட்டு வாசலுக்கு எடுத்துக்கொண்டு வரமாட்டார். நாம் வருவோம். துக்கம் ஈரத்துணி மாதிரி நம் மேல் ஒட்டிக்கொண்டே அடுத்த அறைக்குள் வரும்.

அன்றிலிருந்துதான் நாற்காலி. அது எனக்காக நான் எடுத்துக்கொண்ட இடைவெளி. போனவர் போய்விட்டார், வருபவர் இன்னும் வரவில்லை, நடுவில் நான் மட்டும் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிற நேரம். தன்னைக் கவனித்துக்கொள்வது என்று நம் துறையில் இப்போது ஓயாமல் சொல்கிறார்களே, மெழுகுவர்த்தியும் தாமரைப்பூவும் போட்டுச் சுவரொட்டி அச்சடிக்கிறார்களே, எனக்குத் தெரிந்து அது இப்படித்தான் இருக்கும். யாராவது ஒருவர் எரிச்சலாகப் பார்க்க, அதைப் பொருட்படுத்தாமல் செய்கிற ஒரு சின்ன காரியம்.

இப்போது நான் கல்பாக்கத்துக்கு இந்தப் பக்கம், கடல் சத்தம் கேட்கிற ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். அறுபது வரை காத்திராமல் ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஓய்வு என்ற சொல்லை எழுதும்போதே கை ஒரு நொடி நிற்கிறது. அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு பெண்ணை வெளியே தள்ளப் பார்த்தார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

படாளத்துக்கு அருகே கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஒயர்களைப் பலகையில் வரிசையாக நெய்து, நாடா சுற்றி, அடுத்தவர் கைக்குத் தள்ள வேண்டும். பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு லைனுக்கு முப்பது பெண்கள், நின்றுகொண்டே. மாதம் ஒருமுறை நான் போவேன். காலையில் முதலுதவி அறையில் தனித்தனியாகப் பேச்சு, மதியம் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வகுப்பு.

அந்த மாதம் நான் வண்டியை நிறுத்துவதற்குள் ஹெச்.ஆர். அதிகாரி ஓடி வந்தார். இளம் வயது, மரியாதையான பையன், கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

“மேடம், ஒரு கேஸ். நேத்து லைன்ல ஒரு பொண்ணு பாட்டில் தண்ணிய எடுத்துத் தன் மடியிலயே ஊத்திக்கிட்டா. ஊத்திட்டு ஓன்னு அழறா. என்னன்னு கேட்டா பதிலே இல்ல. எலெக்ட்ரிகல் டெஸ்டிங் பக்கத்துல மேடம், ஏதாவது ஆயிருந்தா?”

“இப்ப எங்க இருக்கா?”

“லைன்ல ஏத்தல. ஸ்டோர்ஸ்ல உக்கார வெச்சிருக்கோம். நீங்க பாத்துட்டு, ஓய்வு தேவைன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடலாம். ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும். அவ நல்லதுக்குத்தான்.”

அவளை எஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யூர்ப் பக்கம், சவுக்குத் தோப்புகளைத் தாண்டி ஒரு காலனி. அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுங்க மேடம், பேர மாத்துங்க, ஊர மாத்தாதீங்க” என்றாள். அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆவதாக இருந்தது. ரெண்டு மாத ஓய்வில் போனால் அது கிடைக்காது. அது அந்த அதிகாரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மற்றவர்களைப் பார்த்து முடித்தேன். கடைசியாகப் பேசிய பெண் எழுந்து போனதும் வழக்கம்போல நாற்காலியைச் சுவருக்குத் திருப்பிவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறு என்று சொல்லத் திரும்பினேன். அவள் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தாள். திரும்பியிருந்த நாற்காலியிலேயே. முதுகு எனக்கு, முகம் சுவருக்கு.

திருப்பிப் போட்டுக்கொள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நம் வேலையில் பாதி, வாய் வரை வந்ததைத் திருப்பி அனுப்புவதுதான்.

சுவரில் போன மாதம் நானே ஒட்டிவிட்டுப் போன தாள் ஒன்று. அதைப் பார்த்துத்தான் பேசினாள்.

“நா மெண்டல் இல்ல மேடம்.”

“நான் அப்படிச் சொல்லலையே.”

“எல்லாரும் சொல்லிக்கினு கீறாங்க.” அந்தத் தாளை நோக்கிக் கையை நீட்டினாள். “தலவலி வந்துச்சு மேடம். நீங்கதான போன தபா சொன்னீங்க, தலவலி வந்தா மொதல்ல தண்ணி குடின்னு. இத்தோ, எழுதியும் ஒட்டிக்கீறீங்க. குடிச்சேன். எப்பவும் குடிக்கமாட்டேன். நேத்து நல்லா குடிச்சிட்டேன்.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்பால பாத்ரூம் வந்துச்சு. போறதுக்கு டோக்கன் கேட்டேன், லைனுக்கே ஒண்ணுதான். ஒருத்தி எடுத்துக்கினு போயிருக்கா, வரட்டும்னாரு சூப்பர்வைசரு. அவ வந்தா. இரு, இந்த லாட்டு முடியட்டும்னாரு. அடக்கிக்கினு நின்னேன். நின்னுக்கினே...” முதுகு ஒருமுறை குலுங்கியது. “போயிடுச்சு மேடம். பேண்ட்டெல்லாம். யாருன்னா பாக்கறதுக்குள்ள டேபிளுக்கு அடில இருந்த பாட்டில எடுத்து மேல ஊத்திக்கினேன். தண்ணி கொட்டிக்கிச்சின்னு நெனப்பாங்கன்னு. அதோட வுட்டிருந்தா ஒண்ணியும் ஆயிருக்காது. பாழாப்போன அழுக வந்துடுச்சு.”

பைத்தியம் என்று பெயர் வைத்தார்களே, அவளைவிடத் தெளிவான புத்தி அன்று அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது. ஒரு நொடியில் தன் மானத்தைத் தானே ஈரத்தால் மூடிக்கொண்டவள். ஆனால் எனக்கு அப்போது உறைத்தது வேறு. தண்ணீர் குடியுங்கள் என்று சிரித்த முகமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனேனே, குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

“இப்ப உனக்கு என்ன வேணும் எஸ்தர்?”

“யாருக்கும் தெரியக்கூடாது. செத்தாலும் தெரியக்கூடாது. ஆனா வேலையும் போவக்கூடாது மேடம். வூட்ல சண்ட போட்டுக்கினுதான் வேலைக்கே வந்தேன். புத்தி சரியில்லன்னு அனுப்பினா அவ்ளோதான், திரும்ப வாசப்படி தாண்ட வுடமாட்டாங்க.”

எழுந்தாள். முகத்தைக் காட்டாமலேயே கதவு வரை போனாள். அங்கே நின்று, “சேர் இப்படிப் போட்டு வெச்சது நல்லா இருந்துச்சு மேடம்” என்றாள். எனக்காக நான் வைத்துக்கொண்ட இடைவெளியில் அவள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து, திரும்பிய நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் நான் திருப்பச் சொல்வதில்லை.

ஹெச்.ஆர். அறையில் ஏசி ஓடியது. எனக்கு டீ வந்தது.

“எழுதிட்டீங்களா மேடம்?”

“அவ நல்லா இருக்கா. நாளைக்கே லைன்ல நிக்கலாம். அப்படித்தான் எழுதுவேன்.”

“அப்ப எதுக்குத் தண்ணிய ஊத்திக்கிட்டா?”

“அத அவகிட்டதான் கேக்கணும்.”

“கேட்டோமே. சொல்லலையே. உங்ககிட்ட சொல்லியிருப்பா.”

“என்கிட்ட சொன்னது என்கிட்ட இருக்கும்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “மேடம், காரணம் இல்லாம வேலைக்கு ஃபிட்டுன்னு எழுதினா மேல ஒத்துக்கமாட்டாங்க. ஒரு வரி. ஒரே வரி ரீசன் சொல்லுங்க, நானே பேசறேன். இல்லன்னா வீட்ல இருந்து செல்ஃப் கேர் பண்ணட்டும்.”

“வீட்ல இருக்கறது செல்ஃப் கேர்னு யார் சொன்னது தம்பி?”

“உங்க ஸ்லைடுல இருக்கு மேடம். நாலாவது ஸ்லைடு. ‘தேவையான ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள்’.”

சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. நம் சொற்களை நாம் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான், யாராவது எடுத்துத் துடைப்பமாக்கிக்கொள்வார்கள்.

இங்கே நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கேட்ட அந்த ஒரு வரி என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் எஸ்தரின் வேலை அந்த நிமிடமே தப்பியிருக்கும். பையன் வெட்கப்பட்டிருப்பார், சூப்பர்வைசரைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பார், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சாயங்காலத்துக்குள் அந்தக் கதை கேன்டீன் வழியாக பஸ் ஏறி, செய்யூர் போய்ச் சேர்ந்திருக்கும். நல்லது செய்கிற அவசரத்தில் அடுத்தவர் ரகசியத்தைச் சில்லறையாக மாற்றிச் செலவழிக்கத் தோன்றும். உங்களுக்கும் தோன்றும், நீங்கள் நல்லவர்களாக இருப்பதாலேயே தோன்றும். அந்த நேரத்தில் டீயைக் குடியுங்கள். நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தேன்.

“காரணம் தரமாட்டேன்.”

“அப்ப நாங்களே உடல்நலக் காரணம்னு போட்டு அனுப்பிக்கறோம் மேடம். சாரி.” அப்போதும் மரியாதையாகத்தான் சொன்னார்.

மதிய வகுப்பு. தகரக் கூரை போட்ட நீளமான கூடம், சாப்பாட்டு டப்பாக்களின் புளி வாசனை, இரண்டு மின்விசிறி. எஸ்தர் வேலை செய்த லைன் முழுக்க வந்திருந்தது. அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஹெச்.ஆர். தம்பி கதவோரம் கைகட்டி நின்றார். திரையில் என் முதல் ஸ்லைடு. நீலக் கடல், ஒரு கண்ணாடி டம்ளர், கீழே: ‘போதுமான தண்ணீர் குடியுங்கள்.’

நான் செய்த ஸ்லைடு என்னையே பார்த்துப் பல்லிளித்தது.

எஸ்தரைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது. அவளைத் திரும்பிப் பார்க்கக்கூடக் கூடாது. ஆனால் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதைப் பேசாமல் விடவும் கூடாது. முடிவெடுக்க ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. மடிக்கணினியை மூடினேன். திரை வெள்ளையானது.

“காலையிலேருந்து யாரெல்லாம் தண்ணி குடிச்சீங்க?”

ஒரு கையும் உயரவில்லை. தண்ணீர் பாட்டில்கள் மட்டும் எல்லோர் காலடியிலும், மூடி திறக்காமல்.

“ஏன்?”

முன் வரிசையில் மல்லிகா இருந்தாள். படாளத்துக்காரி, நிலம் நீச்சு உள்ள குடும்பம், அந்த லைனில் மூத்த கை. கூந்தலைத் தூக்கி முடிந்துகொண்டு சொன்னாள்: “குடிச்சா வரும் மேடம். வந்தா டோக்கன் வோணும். டோக்கனு ஒண்ணு, நாங்க முப்பது பேரு. நீங்க பாட்டுக்குக் குடி குடின்னு சொல்லிட்டுக் காரு ஏறிடுவீங்க. நாங்க இன்னா ஒட்டகமா?”

கூடம் முழுக்கச் சிரிப்பு.

“மல்லிகா, டாபிக்க விட்டுப் போகாதீங்க” என்றார் ஹெச்.ஆர்.

“டாபிக்கே தண்ணிதான சார்?”

மறுபடி சிரிப்பு. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது பெண்கள் சிரித்தால் எந்த இளைஞனுக்கும் வார்த்தை தவறும். “டோக்கன் டிசிப்ளினுக்காக இருக்கு. தண்ணியால நேத்து என்ன ஆச்சுன்னு எல்லாரும்தான் பாத்தீங்களே” என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் திரும்பி, உடனே குனிந்துகொண்டது. எஸ்தர் தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குள் மல்லிகா தன் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். அண்ணாந்து மடக் மடக்கென்று பாதி குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். பிறகு அவரைப் பார்த்துக்கொண்டே மீதியைத் தன் மடியில் ஊற்றினாள். அவசரமில்லாமல், செடிக்கு ஊற்றுகிற மாதிரி.

“மல்லிகா!”

“இன்னா சார்? வெக்க தாங்கல. தகரக் கூர. ஊத்திக்கினா ஜில்லுனு கீது.” எழுந்து நின்றாள். சீருடை பேண்ட் தொடை வரை கறுத்து நனைந்திருந்தது. “இத்த ஊத்திக்கினா மெண்டலா? அப்ப என் பேரையும் எழுதிக்க. வூட்டுக்கு அனுப்பு, கடலக்கா ஆய்ஞ்சிக்கினு நிம்மதியா இருப்பேன். நாளைக்கு லோடு ஏத்தணுமே, நீ வந்து நாடா சுத்துறியா?”

பக்கத்தில் இன்னொரு மூடி திறக்கிற சத்தம். அப்புறம் பின்னால் ஒன்று.

“ஏய், உன் மடில ஊத்திக்கோடி, என் மேல ஏன் ஊத்தற?”

“சும்மா இரு, உனக்கும் சேத்துதான் வெக்க.”

“செல்லு கீதுடி பாக்கெட்டுல!”

எல்லோரும் ஊற்றிக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். பாதிப் பேர் இருக்கும். மற்றவர்கள் சும்மா குடித்தார்கள், ஏதோ வெகுநாள் வேண்டுதல் மாதிரி கண்ணை மூடிக் குடித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? அந்தப் பலகை முன்னால் ஒரு நாளாவது அடக்கிக்கொண்டு நின்ற யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நான் நாக்கு நுனியில் பூட்டி வைத்திருந்தது அவர்கள் அத்தனை பேரிடமும் நேற்றே இருந்திருக்கிறது. ஒருத்தியும் சொல்லவில்லை, கடைசி வரை. கடைசி வரிசையில் எஸ்தர் மட்டும் காய்ந்த துணியோடு உட்கார்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகையா சிரிப்பா என்று நான் பார்க்கவில்லை.

“தரையெல்லாம் ஈரமாகுது” என்றார் ஹெச்.ஆர். தம்பி. பாவம், அவருக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.

நான் அவர் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். “தம்பி, இதுல யார் யாருக்கு ஓய்வு எழுதட்டும்?”

அவர் கூடத்தைப் பார்த்தார். கைகளை அவிழ்த்தார். “நாளைக்கு அந்தப் பொண்ண ஷிஃப்டுக்கு வரச் சொல்லுங்க மேடம்” என்றார். குரலில் தோற்ற வலியைவிட நிம்மதிதான் அதிகம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

மல்லிகா வெளியே போகும்போது சூப்பர்வைசர் மேசையருகே ஆணியில் தொங்கிய சிவப்பு டோக்கனைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டே போனாள். பின்னாலேயே மொத்த லைனும், கழிப்பறைக்கு. ஒரு டோக்கன், முப்பது பேர்.

அந்தத் தொழிற்சாலை என்னை மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த மாதம் யாரோ போய் யோகா சொல்லிக்கொடுத்தார்களாம். டோக்கன் அதற்குப் பிறகு ஆணிக்குத் திரும்பவே இல்லை என்றும், யாராவது கழிப்பறைக்குப் போனால் அந்த இடத்தில் நிற்க லைனுக்கு ஒரு மாற்று ஆள் போட்டார்கள் என்றும் எஸ்தர்தான் பின்னால் சொன்னாள். என் பழைய ஸ்லைடுகளை அழித்துவிட்டேன். தண்ணீர் குடி, தூங்கு, நட, பேசு என்று நீங்களும் சொல்வீர்கள். சொல்லுங்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் சொல்வதற்கு முன்னால், அதைச் செய்ய அவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஆணியில் என்ன தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள். உங்கள் அன்பான சொற்களைக் கொண்டு யாரையாவது வெளியே தள்ளச் சொன்னால், பேனாவை மூடுங்கள். வேலை போனால் போகட்டும். எனக்கு ஒன்று போனது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அன்று சாயங்காலம் நான் வண்டியை எடுக்கும்போது கம்பெனி பஸ்கள் வாசலில் நின்றன. செய்யூர் பஸ்ஸில் ஜன்னலோரம் எஸ்தர். நிரப்பிய பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். இடது கன்னத்தில் சின்ன மச்சம்.

“போதும்மா, தூரமாச்சே” என்றேன். பழக்கதோஷம், ஆலோசனை சொல்லாமல் இருக்க முடியவில்லை. “வழியில வந்துட்டா என்ன பண்ணுவே?”

கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு மூடியைத் திருகினாள்.

“வண்டிய நிறுத்தச் சொல்லுவேன் மேடம்.”